ஈரக் கையும் பட்டாளமும்

என் மகனுக்கு உயரம் சரியாக இருந்தது. மூச்சை இழுத்தால் நெஞ்சு வேண்டிய அளவுக்கு விரிந்தது. கண்ணும் காதும் பல்லும் தேறின. ஓட்டத்தில் முதல் கூட்டத்தோடு வந்து சேர்ந்துவிட்டான். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் மைதானத்தில் எல்லாம் முடிந்து, கடைசியாக ஒரு மருத்துவர் அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிடித்த வேகத்திலேயே விட்டுவிட்டுத் தன் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

உள்ளங்கையில் வியர்வை அதிகம், தகுதியில்லை என்று எழுதி ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவன் தென்காசிக்கு வந்து சேர்வதற்குள் அந்தத் தாள் பாதி ஊறிப்போயிருந்தது. மின்விசிறிக்குக் கீழே காயவைத்துத்தான் படித்தேன்.

இந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்று நான் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. என் கல்யாணத்தன்று மணவறையைச் சுற்றி வரும்போது என் சுண்டுவிரலைப் பிடித்த கை, குளத்திலிருந்து அப்போதுதான் வெளியே எடுத்த கைபோல இருந்தது. புது மாப்பிள்ளை, பயத்தில் வேர்க்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பயம் அவருக்கு இன்றுவரை தெளியவில்லை. என் கணவர் அரசுப் பேருந்து ஓட்டுநர். ஸ்டியரிங்கில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டுதான் வண்டியை எடுப்பார். செங்கோட்டை சாலையில் துண்டு சுற்றிய ஸ்டியரிங் எந்த வண்டியில் தெரிந்தாலும் அது அவர் வண்டிதான் என்று ஊருக்கே தெரியும்.

மகன் திரும்பி வந்த அன்று சாயங்காலம் அவர் கையில் அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். வாழையிலையில் கட்டி, இன்னும் சூடு ஆறாமல் இருந்தது.

"எதுக்கு அல்வா?" என்றேன்.

"பையன் மனசு ஒடிஞ்சி வந்துருக்கான்லா. ஒரு ஆறுதலுக்கு."

ஆறுதல் சொல்ல வந்த முகமா அது? ஒற்றைப் பிள்ளை ஊரை விட்டுப் போகவேண்டாம் என்று ஆனதில் அவருக்கு உள்ளூர எவ்வளவு சந்தோஷம் என்பது, அல்வாவில் கூடுதலாகப் போட்டிருந்த முந்திரிப் பருப்பிலேயே தெரிந்தது. மகன் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "பட்டாளத்துக்காரன் காலையில குடுத்தான். நீங்க சாயங்காலம் குடுக்கிய. எனக்கு வேண்டாம்." அவர் அதை எடுத்துப் போய்ச் சமையலறையில் நின்றே முக்கால்வாசியைத் தின்று முடித்தார்.

எனக்கும் அவன் போகாமல் இருந்தால் நல்லது என்றுதான் முதலில் பட்டது. குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் நான் கணக்கும் வரவேற்பும் பார்க்கிறேன். மகனை அங்கேயே ஒரு வேலையில் சேர்த்துவிடலாம், கண்முன்னே கிடப்பான் என்று ஒரு யோசனை ஓடியது. ஆனால் அடுத்தடுத்த நாட்களில் ஒன்று கவனித்தேன். அவன் கையை வெளியே எடுக்கவே இல்லை. எந்நேரமும் கால்சட்டைப் பைக்குள் இருந்தது. பக்கத்து வீட்டு மைனி கோயில் திருநீற்றைக் கொண்டுவந்து நீட்டினால், கையை நீட்டாமல் நெற்றியைக் காட்டினான். கூட ஓடிப் பழகிய பையன்களில் ஒருவன் தேறிவிட்ட சேதி சொல்ல வந்து கையை நீட்டியபோது, இவன் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டான். அன்றைக்கு என் மகன் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. பட்டாளம் கிடைத்தால் கிடைக்கட்டும், கிடைக்காவிட்டால் போகட்டும். அந்தக் கை பையை விட்டு வெளியே வந்தாக வேண்டும் என்று நினைத்தேன்.

என் அண்ணன் வடகரையில் இருக்கிறார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது தென்னந்தோப்பு பார்க்கிறார். தோப்பு நாயிடம் இந்தியில்தான் பேசுவார், அதுவும் கேட்கும். சேதி தெரிந்ததும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"இதுக்கா இப்படித் துக்கம் கொண்டாடுதிய? இதுக்கு மேல ஒரு பரிசோதனை உண்டு. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்டா கூப்பிடுவாவ. அங்கன போயி தேறிட்டா முடிஞ்சது. சில வாரம் இருக்கு. அதுக்குள்ள கைய காய வச்சிருவோம்."

"வடாமா அது, காய வைக்கதுக்கு?" என்றார் என் கணவர்.

"மாப்ளே, நீங்க பேசப்படாது. சரக்கு உங்க வீட்டுச் சரக்கு."

அன்றிலிருந்து எங்கள் வீடு ஒரு மருந்துக்கடை ஆனது. அண்ணன் படிகாரம் கொண்டுவந்து தண்ணீரில் கரைத்துக் கையை முக்கி வைக்கச் சொன்னார். கை சுருங்கிக் கிழவன் கை மாதிரி ஆனது, வேர்வை நிற்கவில்லை. இணையத்தில் யாரோ சொன்னார்கள் என்று என் கணவர் கடுந்தேநீர் போட்டு அதில் ஊறவைத்தார். விரல்களெல்லாம் பழுப்பு நிறமாகி, பீடி சுற்றுகிறவன் போல ஆகிவிட்டான். பக்கத்து வீட்டு மைனி வில்வ இலையை அரைத்துக் கொடுத்தாள். இத்தனையும் செய்த பிறகு கையைப் பார்த்தால் முன்பைவிட நன்றாகவே சொட்டியது. எல்லாரும் சுற்றி நின்று கையையே உற்றுப் பார்த்தால் வேறென்ன செய்யும்?

கடைசியில் அண்ணன் குரலைத் தாழ்த்தி ஒரு யோசனை சொன்னார். "உள்ள போறதுக்கு முன்னால பவுடரத் தேச்சிக்கிட்டுப் போயிரட்டும்."

"பவுடர் போட்டு உள்ள போயிட்டான்னு வச்சிக்க. நாளைக்குத் துப்பாக்கி வழுக்கி விழுந்தா அதுக்கு நீ போய்ப் பவுடர் போடுவியா?" என்றேன். "துப்பாக்கிக்குப் பட்டை இருக்கும், விழாது," என்றார் அண்ணன். ஆனாலும் அதற்குப் பிறகு பவுடர் பேச்சை எடுக்கவில்லை.

தென்காசியில் ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன வயசுப் பெண். மகன் கையைப் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் கையைத் துடைத்துக்கொள்ளவில்லை. அப்போதே எனக்கு அவள்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

ராத்திரி பூசுவதற்கு ஒரு திரவம் எழுதிக் கொடுத்தாள். அதோடு வாரத்துக்குச் சில முறை வந்து, தண்ணீர் ஊற்றிய இரண்டு தட்டுகளில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும், தண்ணீர் வழியாக லேசான மின்சாரம் போகும், பயப்பட ஒன்றுமில்லை என்றாள். கூட வந்திருந்த என் கணவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"தண்ணிக்குள்ள கரண்டா? ஈரக் கையோட சுவிட்சத் தொடாதன்னு சின்ன வயசுலேர்ந்து நான் இவன அடிச்சி வளத்துருக்கேன் டாக்டரம்மா."

"வேணும்னா நீங்க முதல்ல வச்சுப் பாருங்க," என்றாள் அவள்.

வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, குலதெய்வத்தின் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டு வைத்தார். கொஞ்சநேரம் அசையவில்லை. எனக்கே பயமாகிவிட்டது. பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, "எறும்பு ஊறுத மாதிரி இருக்கு. நல்லாத்தான் இருக்கு," என்றார். மகனுக்கு இடம் விட்டு எழுந்திருக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

கிளம்பும்போது டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொன்னாள். "மருந்து பாதி வேலைதான் செய்யும். யாராவது தன் கையப் பாக்கப் போறாங்கன்னு நினைச்சாலே இவருக்கு வேர்க்க ஆரம்பிச்சிருது. ஆள் பாத்துப் பழகணும். மேல்பரிசோதனையில கேட்டா சிகிச்சை எடுத்ததையும் மறைக்காமச் சொல்லச் சொல்லுங்க."

ஆள் பார்த்துப் பழகுவதற்கு என்னிடம் இடம் தயாராக இருந்தது. சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த சமயம். குற்றாலத்தில் கார் நிறுத்த இடமில்லை. எங்கள் லாட்ஜில் படிக்கட்டில்கூட ஆள் படுத்திருந்தார்கள். மகனை அழைத்துக்கொண்டு போய் வரவேற்பு மேசைக்கு முன்னால் நிறுத்தினேன். வருகிறவர் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, 'வாங்க, வணக்கம்' என்று சொல்லி அறையைக் காட்ட வேண்டும் என்று சொல்லிவைத்தேன்.

முதலாளி ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்னம்மா, எப்பவும் சாவியத் தூக்கிப் போடுவிய. இப்ப கை குடுத்து வரவேற்கிய. வாடகைய ஏத்தணும் போலுக்கே."

முதலில் வந்தவர் மதுரைப் பக்கத்து ஆள், நல்ல பருமன். மெயின் அருவியில் குளித்துவிட்டுத் தலையில் சொட்டச் சொட்ட, உடம்பெல்லாம் எண்ணெய் மணக்க வந்தார். மகன் கையைப் பைக்குள்ளிருந்து எடுத்து, சட்டையில் இரண்டு முறை துடைத்து, நீட்டினான். அவர் பற்றிக் குலுக்கினார்.

"தம்பியும் இப்பத்தான் குளிச்சிட்டு வாரீகளோ? தண்ணி நல்லா விழுதுல்ல?"

மகன் திரும்பி என்னைப் பார்த்தான். ரொம்ப நாளைக்கு அப்புறம் பல் தெரிந்தது. "ஆமா அண்ணாச்சி, தண்ணி நல்லா விழுது," என்றான்.

அன்று முழுக்க அப்படித்தான். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் யார் கை காய்ந்து இருக்கிறது? குளித்துவிட்டு வருகிறவன் கை ஈரம். குளிக்கப் போகிறவன் கை எண்ணெய். ஒன்றும் செய்யாமல் நிற்கிறவன் கையில் சாரல். இவன் கை ஈரமாக இருப்பதை ஒருத்தர்கூடக் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ளாததால் மத்தியானத்துக்கு மேல் இவன் கை மட்டும் அப்பளம்போலக் காய்ந்துவிட்டது. இரண்டு குழந்தைகளோடு வந்த ஒரு அம்மா இவன் கையைப் பிடித்துவிட்டு, "என்ன தம்பி, குற்றாலத்துல இருந்துக்கிட்டுக் குளிக்கவே மாட்டீங்களா?" என்று கேட்டாள்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பட்டாளத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, பெரிய டாக்டர் போல நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கைய நீட்டு," என்று ஒரு அதட்டுப் போட்டார். மகன் நீட்டினான். சிமெண்டுத் தரையில் பொட்டுப் பொட்டாக விழுந்தது.

"ஏட்டி, நீ லாட்ஜ்ல காயவச்சதெல்லாம் இங்கன ஒழுகுதே," என்றார் அண்ணன்.

ஈரக் கைக்காரர்கள் நடுவே பழகிப் பிரயோசனமில்லை என்று அப்போதுதான் புரிந்தது. காய்ந்த கைக்காரர்கள் வேண்டும். புதுச் சட்டை போட்டு, மதிப்பாக, வரிசையாகக் கை கொடுக்கிறவர்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் ஒரே இடத்தில் கூடுவது கல்யாண மண்டபத்தில்தான். ஆனால் அது ஆடி மாதம். எங்கள் பக்கம் யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள்.

லாட்ஜுக்குப் போர்வையும் துண்டும் கொண்டுவந்து போடுகிற பாய் ஒருவர் உண்டு, கடையநல்லூர்க்காரர். அவரிடம் என் கவலையைச் சொன்னேன். அவர் துண்டுக்கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"எங்களுக்கு ஏது தங்கச்சி ஆடி? பயலுவ வளைகுடாவுலேர்ந்து லீவுல வந்துருக்கானுவ, வரிசையாக் கல்யாணம். வார ஞாயித்துக்கிழமை என் மச்சினன் மகளுக்கு. மகனக் கூட்டிக்கிட்டு வாங்க. கை குடுக்கதுக்கு ஆளுக்கா பஞ்சம்? குடுத்துக் குடுத்து அவன் கை வலிக்கும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். மகனுக்கு அவன் அப்பாவின் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். கடையநல்லூரில் இறங்கி, பாய் சொன்ன தெருவில் போனால் பெரிய மண்டபம், வாசலில் பந்தல், கூட்டம். உள்ளே போனோம். என்னை ஒரு பெண் கையைப் பிடித்துப் பெண்கள் பக்கம் அழைத்துக்கொண்டு போனாள். மகனை நான்கைந்து பேர் சேர்ந்து ஆண்கள் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். பாயைக் காணவில்லை. கல்யாண வேலையில் இருப்பார் என்று நினைத்து நான் பந்தியில் உட்கார்ந்துவிட்டேன். நெய்ச்சோறும் தால்சாவும் கறியும் வந்தன. பாதி சாப்பிட்டிருப்பேன். கைபேசி அடித்தது. பாய்தான்.

"எங்க தங்கச்சி இருக்கிய? வாசல்லயே நிக்கேன், உங்கள எதிர்பாத்து."

"நாங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம் பாய். சாப்பாடு ரொம்ப நல்லாருக்கு."

பாய் கேட்டார்: "எந்த மண்டபத்துல?"

அதே தெருவில் அடுத்த வளைவில் இன்னொரு மண்டபம் இருந்திருக்கிறது. நாங்கள் யார் என்றே தெரியாத ஒரு குடும்பத்தின் கல்யாணத்தில் நான் இரண்டாம் முறை கறி வாங்கிக்கொண்டிருந்தேன். எடுத்த கவளத்தை அப்படியே வைத்துவிட்டேன். பக்கத்திலிருந்த அம்மாவிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு, அடுத்தவளிடம் சொன்னாள். அவள் அதற்கு அடுத்தவளிடம் சொன்னாள். பந்தி முழுக்க அந்தச் சிரிப்பு போய் முடிந்த இடத்திலிருந்து பெண்ணின் தாயார் எழுந்து வந்தார். நான் எழுந்திருக்கப் போனேன். அவர் என் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

"வந்த விருந்தாளிய எந்தக் கல்யாணத்துக்கு வந்தியன்னா கேக்க முடியும்? நல்லாச் சாப்பிடுங்க. அங்க போயும் சாப்பிடுங்க. எந்தக் கறி நல்லாருக்குன்னு எனக்குச் சொல்லிட்டுப் போகணும், ஆமா."

ஆண்கள் பக்கத்தில் மகனின் பாடு இதைவிட மோசம். அவனை மாப்பிள்ளையோடு வெளிநாட்டில் வேலை பார்க்கிற சினேகிதன் என்று யாரோ நினைத்து மேடைப் பக்கமே உட்காரவைத்துவிட்டார்கள். வருகிறவர்களெல்லாம் மாப்பிள்ளைக்குக் கை கொடுத்துவிட்டு இவனுக்கும் கொடுத்தார்கள். நிறைய பேர் இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்கள். துடைத்துக்கொள்ள நேரமே இல்லை என்றான். அதில் ஒரு வயசான மனிதர் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. எந்த ஊர், யார் மகன், என்ன செய்கிறாய் என்று வரிசையாகக் கேட்டார். இவன் பட்டாளத்துக்கு முயற்சி செய்வதாகச் சொன்னான். அதற்கும் கையை விடவில்லை. தன் மகன் அரபு நாட்டில் லாரி ஓட்டுவதைப் பற்றியும், அங்கே அடிக்கிற வெயிலைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனார்.

"பெறகு?" என்று கேட்டேன்.

"எனக்கு உயிரே போயிருச்சும்மா. அவுருக்குத் தெரிஞ்சிரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அவுரு சொல்லுதாரு, 'உன் கை நல்லாக் குளிர்ச்சியா இருக்குப்பா, இந்த வெக்கைக்கு எதமா இருக்கு'ன்னு. சொல்லிட்டு இன்னும் கொஞ்சநேரம் பிடிச்சிக்கிட்டாரு."

சொல்லும்போது அவன் சிரித்தான். ஆனால் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. நான் பார்க்காதவள் போல முந்தானையைச் சரி செய்துகொண்டேன். அடுத்து பாயின் மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்கும் போனோம். அங்கேயும் அவன் வாசலிலிருந்து மேடைவரை கை கொடுத்தான். இரண்டாவது சாப்பாட்டை என்னால் முடிக்க முடியவில்லை. அவன் முழுதாகச் சாப்பிட்டான். கறி எங்கே நன்றாக இருந்தது என்பதை மட்டும் நான் இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு வீட்டுக்காரர்களும் லாட்ஜுக்கு வந்து போகிறவர்கள் ஆகிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது பேருந்தில் அவன் கையை எடுத்து என் மடியில் வைத்துப் பார்த்தேன். ஈரம் இருந்தது. ஆனால் நனைந்த துண்டு இல்லை, பிழிந்த துண்டு.

மேல்பரிசோதனைக்கு அவர்கள் கூப்பிட்ட ராணுவ ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருந்தது. மகன் தனியாகப் போய்க்கொள்கிறேன் என்றான். யாரும் கேட்கவில்லை. நான், என் கணவர், அண்ணன் எல்லாரும் கிளம்பிவிட்டோம். மலை ரயிலில் ஒவ்வொரு குகைக்குள்ளும் வண்டி நுழைந்து வெளியே வரும்போதெல்லாம் என் கணவர் மகனின் கையைத் தொட்டுப் பார்த்தார். "எப்பா, உங்க கை ஈரத்தை எனக்கு ஒட்டுதிய," என்று அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆஸ்பத்திரி வாசலில் எங்களை நிறுத்திவிட்டார்கள். மகன் மட்டும் உள்ளே போனான். அண்ணன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, காவலுக்கு நின்ற சிப்பாயிடம் போய் மார்பை நிமிர்த்தி நீளமாக இந்தியில் ஏதோ சொன்னார். சிப்பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, எனக்கு ஆலங்குளம். தமிழ்லயே சொல்லுங்க," என்றான். என் கணவர் மரத்துக்குப் பின்னால் போய் நின்று சிரித்தார். அன்று காலையிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

வெயில் ஏறியது. காத்திருக்கும்போது அவரிடம் கேட்டேன்: "உள்ளபடி சொல்லுங்க. அவன் தேறணும்னு நினைக்கியளா, வேண்டாம்னு நினைக்கியளா?"

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "காலையில ரயில் ஏறும்போது வேண்டாம்னுதான் நினைச்சேன். இப்ப அவன் நடந்து உள்ள போனதப் பாத்தேன் பாத்தியா, கைய வீசிக்கிட்டுப் போனான். அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியல."

மகன் வெளியே வர மத்தியானம் ஆகிவிட்டது. முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நேரே வந்து, "பசிக்கி," என்றான். அண்ணன் அவன் காதைப் பிடித்துத் திருகிய பிறகுதான் நடந்ததைச் சொன்னான்.

தோல் மருத்துவர் ஒரு மலையாளத்து அம்மா. கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். சும்மா உட்காரச் சொல்லி, வேறு வேலை பார்த்துவிட்டு, திரும்ப வந்து பார்த்திருக்கிறார். ஒரு வெள்ளைத் தாளில் கையை அழுத்தச் சொல்லி அதையும் பார்த்திருக்கிறார். பிறகு என்ன சிகிச்சை எடுத்தாய் என்று கேட்டிருக்கிறார். இவன் ஒன்றையும் மறைக்கவில்லை. திரவம், தண்ணீர்த் தட்டு, மின்சாரம், அதற்கு முன்னால் படிகாரம், தேநீர், லாட்ஜ் வரவேற்பு என்று சொல்லிக்கொண்டே வந்து கல்யாணத்தில் நிறுத்தியிருக்கிறான்.

"எந்தக் கல்யாணம்?" என்று கேட்டாராம் அந்த அம்மா.

"ரெண்டு கல்யாணம். ஒண்ணு தெரிஞ்சவங்க வீடு. இன்னொண்ணு யாருன்னு இன்னும் சரியாத் தெரியல."

அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்து சிரித்திருக்கிறார். பக்கத்து அறை மருத்துவரையும் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாராம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா இவன் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இவனுக்கு அது நினைவிலேயே இல்லை. கடைசியில் சொன்னாராம்: "மோனே, வேர்வை எல்லாருக்கும் உண்டு. உனக்கும் இருக்கு. ஆனா ஒழுகல. இது போதும்."

தகுதி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அண்ணன் அங்கேயே, சாலை ஓரத்தில், அவனுக்கு ஒரு சல்யூட் அடித்தார். என் கணவர் எல்லாருக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுப்பதாகச் சொல்லி எங்களை ஓட்டலுக்குள் நடத்திக்கொண்டு போனார். சிவப்பரிசிச் சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டோம். பாதியில் அவர் கை கழுவப் போகிறேன் என்று எழுந்து போய், வெகுநேரம் கழித்து முகத்தையும் கழுவிக்கொண்டு வந்தார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு, எதனால் தேறினான் என்பதில் சண்டை வந்தது. கரண்டு வைத்ததால்தான் என்றார் என் கணவர், அவர்தானே அதை முதலில் சோதித்துப் பார்த்தது. அதட்டி அதட்டிக் கையை நீட்டவைத்துப் பழக்கியதால்தான் என்றார் அண்ணன். பக்கத்து வீட்டு மைனி வில்வ இலையை விடவில்லை. பாய், நெய்ச்சோறு தின்ற கை என்றார். தோல் மருத்துவரிடம் நன்றி சொல்லப் போனபோது, "மருந்துதான் அம்மா, வேறென்ன?" என்று அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். நான் யாரிடமும் வாதாடவில்லை. லாட்ஜில் இப்போதும் வருகிறவர்களுக்குக் கை கொடுத்துத்தான் சாவியைக் கொடுக்கிறோம். முதலாளி வாடகையை ஏற்றிவிட்டார்.

எல்லாப் பட்டியலும் வந்து, கூப்பிடவும் கூப்பிட்டு, அவன் வடக்கே பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தான். நாலு வருஷத்து வேலைதான், அதற்குப் பிறகு வைத்துக்கொள்வார்களோ அனுப்பிவிடுவார்களோ தெரியாது. அதை அவனும் அறிவான். ஞாயிற்றுக்கிழமை தோறும் கொஞ்சநேரம் பேச விடுகிறார்கள். அந்த நேரத்துக்கு அண்ணன் வடகரையிலிருந்து சரியாக வந்துவிடுவார். எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவோம்.

போன வாரம் பேசும்போது, கால் கொப்பளித்துவிட்டது என்றான். குளிர் காதைப் பிய்க்கிறது என்றான். கை எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதற்கு, அதைப் பார்க்க எங்கே நேரம் என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"எம்மா, இங்கன சப்பாத்தி போடுத ஆளு வேண்டாம் வேண்டாம்னாலும் தட்டுல போட்டுக்கிட்டே இருக்கான். மிச்சம் வச்சா சத்தம் போடுதாவ. போதும்னு இந்தியில எப்படிச் சொல்லணும்? மாமாட்டக் கேளு."

அண்ணன் கைபேசியை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். "பஸ், பஸ்னு சொல்லுலே."

பக்கத்தில் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த என் கணவர் திரும்பிப் பார்த்தார். "ஏன் மச்சான், பிள்ளை பசியாறுத நேரத்துல பஸ்ஸ எதுக்கு இழுக்கிய?"

அந்தப் பக்கம் மகன் சிரிக்கிற சத்தம் கேட்டது. கூடவே விசில் சத்தமும் கேட்டது. வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். என் கணவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மத்தியான வண்டிக்குக் கிளம்பினார்.